திறமூலத் திட்டங்களுக்குக் கிளவுட் கிரெடிட்: கைக்கு வருவது என்ன, தீர்ந்த மறுநாள் நடப்பது என்ன

இணையம் வழியே சர்வர் வாடகைக்குத் தரும் ஒரு கிளவுட் நிறுவனம், மூலநிரலை எல்லோருக்கும் திறந்து வைக்கும் ஒரு திறமூலத் திட்டத்துக்கு 30 லட்சம் டாலர் கிரெடிட் வழங்கியதாகச் செய்தி வருகிறது. சில மாதம் கழித்து இன்னொரு திட்டம், சர்வர் செலவுக்கு வழியில்லை, உதவுங்கள் என்று அறிவிக்கிறது. 2025 தொடக்கத்தில் ஃப்ரீடெஸ்க்டாப், ஆல்பைன் லினக்ஸ் என்ற இரண்டு திறமூலத் திட்டங்களும் ஒரே சமயத்தில் புது இடம் தேடி அலைந்தன. அவற்றுக்கு இலவசமாகச் சர்வர் கொடுத்துவந்த ஈக்வினிக்ஸ் மெட்டல் சேவையையே ஈக்வினிக்ஸ் நிறுவனம் மூட முடிவெடுத்திருந்தது. அதே ஆண்டு ஏப்ரல் கடைசியில், பல திட்டங்களுக்குப் பல ஆண்டுகளாக இடம் கொடுத்துவரும் ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஓப்பன் சோர்ஸ் லேப், 2,50,000 டாலர் கிடைக்காவிட்டால் மூட வேண்டியதுதான் என்றது. பிறகு பணம் கிடைத்துத் தப்பியது.

இதைப் படிப்பவருக்கு இரண்டு சந்தேகம் வருவது இயல்பு. மென்பொருள் இலவசம், எழுதுபவர்களில் பலர் சம்பளம் வாங்காதவர்கள், மூலநிரலோ நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் சும்மா கிடக்கிறது. பிறகு லட்சக்கணக்கில் டாலர் எதற்கு? அவ்வளவு வாங்கியும் ஏன் ஒன்றும் மிஞ்சுவதில்லை? பில் எப்படி ஏறுகிறது என்று தெரிந்தால் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். கிரெடிட் எந்த மாதிரிப் பணம் என்று தெரிந்தால் இரண்டாவதற்கும்.

## பில் எங்கே ஏறுகிறது

மூலநிரல் மட்டும் என்றால் செலவே கிடையாது. பெரிய திட்டம் ஒன்றின் முழு வரலாறும் சில ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். செலவெல்லாம் நிரலை எழுதி முடித்த பிறகு தொடங்குகிறது.

1. சிஐ ஓட்டங்கள். யாராவது ஒரு மாற்றத்தை அனுப்பியதும் அதைத் தானாகத் தொகுத்துச் சோதிக்கும் ஏற்பாடு இது. மூன்று இயங்குதளம், இரண்டு சிப் வகை, நான்கு மொழிப் பதிப்பு என்று வைத்தால் ஒரே மாற்றத்துக்கு 24 ஓட்டம். ஓட்டம் ஒன்றுக்கு 20 நிமிடம் என்றால் மொத்தம் 8 மணி நேரக் கணினி வேலை. ஆவணத்தில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் அதே 8 மணி நேரம்தான், யாரும் விலக்கு விதி எழுதி வைக்காவிட்டால்.

2. கிடங்கு. வெளியிட்ட பைனரிகள் (தொகுத்து ஓடத் தயாரான கோப்புகள்), கண்டெய்னர் இமேஜ்கள் (மென்பொருளும் அது ஓடத் தேவையானவையும் சேர்ந்த பொதிகள்), தினசரி பில்டுகள் (அன்றன்றைய நிரலின் தொகுப்புகள்). பழையதை அழிக்கத் திட்டத்தினர் தயங்குவார்கள். ஏழு வருடத்துக்கு முந்தைய பதிப்பை இன்றும் எந்த நிறுவனத்தின் ஸ்கிரிப்ட் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

3. வெளிப்போக்கு. கிளவுடிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு ஜிகாபைட்டுக்கும் கட்டணம். துறையில் எக்ரஸ் என்பார்கள். உள்ளே வருவதற்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை.

4. எப்போதும் ஓடும் சர்வர்கள். இணையதளம், பிழைப்பதிவு, அஞ்சல் பட்டியல். இது சில்லறை.

மூன்றாவதுதான் பலரும் குறைத்து எடைபோடுவது. ஒரு கணக்கு போடுவோம். 150 மெகாபைட் அளவுள்ள ஒரு கண்டெய்னர் இமேஜ், அதன் 500 பதிப்புகள். மொத்தம் 75 ஜிகாபைட். அமேசானின் வடக்கு வர்ஜீனியா மையத்தில் எஸ்3 கிடங்கின் பட்டியல் விலை ஜிகாபைட்டுக்கு மாதம் 0.023 டாலர். வைத்திருக்க ஆகும் செலவு மாதத்துக்கு இரண்டு டாலரைக்கூடத் தொடாது.

இதே இமேஜை நாளொன்றுக்கு 20,000 முறை இழுக்கிறார்கள், அதாவது பதிவிறக்குகிறார்கள், என்று வையுங்கள். சிஐ ஒவ்வொரு ஓட்டத்திலும் புதிதாக இழுப்பதால் ஓரளவு பெயர்பெற்ற கருவிக்கு இது எட்டாத எண் இல்லை. நாளுக்கு 3,000 ஜிகாபைட், மாதத்துக்கு 90,000. முதல் 10 டெராபைட்டுக்கு (ஒரு டெராபைட் சுமார் 1,000 ஜிகாபைட்) ஜிகாபைட் ஒன்று 0.09 டாலர், அடுத்த 40-க்கு 0.085, அதற்கு மேல் 0.07. கூட்டினால் மாதம் சுமார் 7,100 டாலர். வைத்திருக்க 2 டாலர், எடுத்துக் கொடுக்க 7,100. ஆளெடுக்காத, விளம்பரம் செய்யாத, ஒரு வரி நிரல்கூடச் சேர்க்காத மாதத்திலும் இதே பில்தான் வரும். பயனர் கூடினால் பில்லும் கூடும். திட்டத்தின் வருமானம் மட்டும் பூஜ்யத்திலேயே நிற்கும். வணிக மென்பொருளில் இப்படி நடக்காது, அங்கே ஒவ்வொரு பதிவிறக்கத்துக்குப் பின்னாலும் ஒரு வாடிக்கையாளர் இருப்பார்.

## கிரெடிட் எந்த மாதிரிப் பணம்

கிரெடிட் வங்கிக்கு வருவதில்லை. கொடுப்பவரின் பில்லில் கழிக்கப்படும் தொகை, அவ்வளவுதான். மாதக் கடைசியில் பயன்பாடு பட்டியல் விலைப்படி கணக்கிடப்படும்; அதிலிருந்து கிரெடிட் கழியும்; மீதி இருந்தால் கணக்கில் பதிவான கார்டுக்குப் போகும். இதிலிருந்து சில விளைவுகள் தாமாகவே வருகின்றன.

முதலாவது, அது ஒரே கடையில்தான் செல்லும். ஆயிரம் டாலர் கிரெடிட்டை வைத்துப் பராமரிப்பாளர் ஒருவருக்கு ஒரு நாள் சம்பளம் கொடுக்க முடியாது. அந்தக் கடைக்குள்ளும் எல்லாவற்றுக்கும் செல்லாது: அமேசானின் விதிகளில் டொமைன் பதிவுக் கட்டணமும், ரிசர்வ்டு இன்ஸ்டன்ஸ் எனப்படும் முன்பதிவு இயந்திரத்துக்கு முன்கூட்டிக் கட்டும் தொகையும் விலக்கு. மார்க்கெட்பிளேஸில் பிறர் விற்பதற்கும் பொதுவாகச் செல்லாது.

இரண்டாவது, காலாவதித் தேதி உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் கிளவுடான அசூர் 2021-இல் திறமூலத் திட்டங்களுக்கென்று தொடங்கிய கிரெடிட் ஓராண்டுக்கு. பிறகு மறுபடி கேட்க வேண்டும். செலவழிக்காத மிச்சத்தை அடுத்த ஆண்டுக்குச் சேர்த்து வைக்க முடியாது. இதனால் ஒரு கோணல் வருகிறது: சிக்கனமாக இருப்பவருக்குப் பலன் இல்லை. கடைசி மூன்று மாதத்தில் எப்படியாவது தீர்ப்போம் என்று பெரிய இயந்திரங்களை எடுத்துக்கொள்கிறார்கள், அந்த அளவுக்கு சிஐ-யும் பழகிவிடுகிறது.

மூன்றாவது, கொடுப்பவருக்கு ஆகும் செலவும் வாங்குபவர் பெறும் மதிப்பும் ஒன்றில்லை. 10 லட்சம் டாலர் என்பது பட்டியல் விலை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மையத்தில் கூடுதலாகச் சில இயந்திரங்களையும் கொஞ்சம் அலைவரிசையையும் ஒதுக்க நிறுவனத்துக்கு அவ்வளவு ஆகாது. வெளிப்போக்கில் இந்த இடைவெளி மிகவும் பெரிது. இதைச் சொல்வது நன்றிகெட்டதனம் ஆகாது. திட்டத்துக்கு அது உண்மையான உதவிதான். ஆனால் செய்தித் தலைப்பில் வரும் எண்ணை நன்கொடைப் பணத்தோடு ஒப்பிடக் கூடாது.

நிறுவனம் ஏன் கொடுக்கிறது? அதன் வாடிக்கையாளர்களே அந்த மென்பொருளை நம்பித்தான் அதன் சர்வர்களை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். கண்டெய்னர்களைப் பல சர்வர்களில் ஓட்டி நிர்வகிக்கும் திறமூல மென்பொருளான குபெர்னெட்டிஸின் இமேஜ் ஒரு நாள் கிடைக்காமல் போனால் புகார் முதலில் வருவது கிளவுட் நிறுவனத்தின் உதவி மையத்துக்குத்தான். அதற்கு மேல் பெயர், ஆள்சேர்ப்பு, அந்த மென்பொருள் தங்கள் சிப்பில் ஒழுங்காக ஓட வேண்டும் என்ற அக்கறை.

கிரெடிட் தவிர வேறு வடிவங்களும் உண்டு. ஒரு சேவையையே இலவசமாகத் தருவது: பைதான் பொதிக்கிடங்கான பைபிஐ-யின் பதிவிறக்கங்களை ஃபாஸ்ட்லி நிறுவனம் தன் சிடிஎன் (பல இடங்களில் பிரதி வைத்து அருகிலிருந்து கொடுக்கும் வலை) வழியே சுமக்கிறது. இரும்பாகவே, அதாவது முழு இயந்திரமாகவே தருவது: ஈக்வினிக்ஸ் மெட்டல் கொடுத்தது அப்படி. யாரும் பார்க்கக்கூடிய நிரல் களஞ்சியங்களுக்கு இலவச சிஐ நிமிடம் தருவது: கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ். இந்தக் கடைசி வகையில் டாலர் எண் எங்கும் தெரியாது. அதனாலேயே அது மானியம் என்பதே பலருக்கு மறந்துபோகிறது. சிஐ சேவை தரும் டிராவிஸ் சிஐ 2020 நவம்பரில் விலைமுறையை மாற்றித் திறமூலக் கணக்குகளுக்கு ஒருமுறை 10,000 கிரெடிட் (இங்கே டாலர் அல்ல, ஓட்ட நிமிடத்தை அளக்கும் அலகு) என்று அளந்து கொடுத்தபோதுதான் பல திட்டங்கள் தாங்கள் எத்தனை நிமிடம் எரிக்கிறோம் என்று முதன்முறையாக எண்ணிப் பார்த்தன.

## குபெர்னெட்டிஸ்: 90 லட்சம் டாலரும் ஒரு முகவரியும்

2018 ஆகஸ்டில் கூகுள் கிளவுட், குபெர்னெட்டிஸை நிர்வகிக்கும் சிஎன்சிஎஃப் அமைப்புக்கு மூன்றாண்டுக்கு 90 லட்சம் டாலர் கிரெடிட் அறிவித்தது. அதுவரை சிஐ-யும் இமேஜ் விநியோகமும் கூகுளின் சொந்தக் கணக்குகளில் ஓடின. அவற்றைச் சமூகத்தின் கைக்கு மாற்றுவதே நோக்கம். ஆண்டுக்கு 30 லட்சம் என்ற அந்த அளவு போதாமல் போனதற்குப் பெரிய காரணம் சிஐ அல்ல, இமேஜ் விநியோகம்.

இமேஜ்கள் கூகுளின் ரெஜிஸ்ட்ரியில், அதாவது இமேஜ் கிடங்கில், இருந்தன. இழுத்தவர்களில் பெரும்பங்கு அமேசான் கிளவுடில் குபெர்னெட்டிஸ் கிளஸ்டர் (சர்வர் கூட்டம்) ஓட்டியவர்கள். ஆக ஒவ்வொரு இழுப்பும் ஒரு கிளவுடை விட்டு வெளியேறி இன்னொன்றுக்குள் போனது. கூகுள் பக்கம் வெளிப்போக்குக் கட்டணம் ஏறியது. அதே இமேஜ் அமேசானுக்குள்ளேயே ஒரு பிரதியாக இருந்திருந்தால், அதே மண்டலத்தில் உள்ளவர் எடுக்க டேட்டாக் கட்டணமே வந்திருக்காது.

தீர்வு கேட்கும்போது எளிது: இழுப்பவர் எங்கிருந்து வருகிறார் என்று பார்த்து அருகிலுள்ள பிரதிக்கு அனுப்பு. தடையாக இருந்தது முகவரி. பழைய முகவரி "கே8எஸ்.ஜிசிஆர்.ஐஓ". அதன் வால்பகுதி கூகுளின் டொமைன். தன் கையில் இல்லாத டொமைனைத் திட்டம் வேறு நிறுவனத்தின் கிடங்கை நோக்கித் திருப்ப முடியாது. எனவே "ரெஜிஸ்ட்ரி.கே8எஸ்.ஐஓ" என்ற சொந்த முகவரி உருவானது, 2022 ஆகஸ்டில் வந்த 1.25 பதிப்பிலிருந்து அதுவே இயல்பு முகவரி. தொடக்கத்தில் அது வேலை செய்த விதம் இப்படி:

1. இமேஜில் என்னென்ன அடுக்குகள் (பகுதிகள்) உண்டு என்ற பட்டியலைக் கேட்கும் வேண்டுகோள் கூகுள் பக்கம் உள்ள ரெஜிஸ்ட்ரிக்குப் போனது. பட்டியல் சில கிலோபைட்தான்.
2. எடை கூடிய அடுக்குகளைக் கேட்கும்போது, கேட்பவரின் ஐபி முகவரி அமேசானுடையதா என்று ஒரு சின்ன நிரல் பார்த்தது.
3. ஆம் என்றால் அருகிலுள்ள அமேசான் மண்டலத்தின் எஸ்3 பிரதிக்கு வழிமாற்றம். இல்லையென்றால் கூகுளிலிருந்தே.

2022 அக்டோபரில் அமேசான், 2023-ஆம் ஆண்டுக்கென 30 லட்சம் டாலர் கிரெடிட் அறிவித்தது. பணத்தைவிட, அந்தக் கிரெடிட்டைச் செலவழிக்க ஒரு வழி ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. வழிமாற்றும் நிரல் இல்லாமல் அமேசான் கிரெடிட் மட்டும் வந்திருந்தால் கூகுள் பக்க பில் ஒரு டாலர்கூடக் குறைந்திருக்காது.

2023 மார்ச் 20 முதல் பழைய முகவரிக்கு வந்தவர்களையும் புதியதற்குத் திருப்பினார்கள். ஏப்ரல் 3-இல் பழையதை உறையவைத்தார்கள், அதாவது அங்கே புது இமேஜ் சேர்ப்பதை நிறுத்தினார்கள். எங்கே இடித்தது? ஃபயர்வாலில் பழைய முகவரியை மட்டும் அனுமதித்திருந்த நிறுவனங்களில். வழிமாற்றம் போய்ச் சேர்ந்த எஸ்3 முகவரி அவர்களின் அனுமதிப் பட்டியலில் இல்லை. பாட் (குபெர்னெட்டிஸில் கண்டெய்னர் ஓடும் அலகு) எழும்பாமல் இமேஜ் இழுப்புப் பிழையில் நின்றது.

## இலவச ரன்னர் கொண்டுவந்த பில்

லினக்ஸ் திரைவரைகலையின் பெரும்பகுதி உருவாகும் இடம் ஃப்ரீடெஸ்க்டாப். அதன் செலவைப் பார்க்கும் எக்ஸ்.ஆர்க் அறக்கட்டளை 2020 பிப்ரவரியில், நிரலையும் சிஐ-யையும் நிர்வகிக்கும் கிட்லேப் சர்வரை வைத்திருக்க அந்த ஆண்டு 75,000 டாலரும் மறு ஆண்டு 90,000 டாலரும் ஆகும், தாங்காது, சிஐ-யை நிறுத்த வேண்டிவரலாம் என்று எச்சரித்தது.

சிஐ ஓட்டங்களைச் செய்யும் ரன்னர் இயந்திரங்களைப் பிறர் தானமாகக் கொடுத்திருந்தார்கள், அவற்றுக்குச் செலவில்லை. கிட்லேப் சர்வரும் கிடங்கும் இருந்தது கூகுள் கிளவுடில், கட்டணத்துக்கு. ஒவ்வொரு ஓட்டம் தொடங்கும்போதும் வெளியே இருந்த இலவச ரன்னர், களஞ்சியத்தையும் இமேஜையும் முந்தைய கட்டத்தின் விளைபொருள்களையும் கூகுளிலிருந்து இழுத்தது. ஒவ்வொரு இழுப்பும் வெளிப்போக்கு. ஓரிடத்தில் கிடைத்த தானம் இன்னோரிடத்தில் பில்லாக ஏறியது. ரன்னர் கூடக் கூட பில்லும் கூடியது.

ரன்னர் பக்கத்திலேயே கேஷ் (ஒருமுறை எடுத்ததன் பிரதி) வைப்பது, முழு வரலாற்றையும் இழுக்காமல் கடைசி நிலையை மட்டும் எடுப்பது, விளைபொருள்களைச் சில நாளில் அழிப்பது என்று இதற்கான மருந்தெல்லாம் சாதாரணம்தான். ஆனால் மானியம் கேட்கும் முன்பே போட வேண்டிய கணக்கு ஒன்று உண்டு: தானமாக வரும் இயந்திரம் எங்கே இருக்கும், அது இழுக்கும் டேட்டா எங்கே இருக்கும், நடுவில் எந்த நிறுவனத்தின் எல்லையைத் தாண்ட வேண்டும்?

## 400 டெராபைட்டின் எடை

நிக்ஸ்ஓஎஸ் ஒரு லினக்ஸ் வினியோகம். எந்தப் பழைய பதிப்பையும் அப்படியே திரும்பக் கட்ட முடியும் என்பது அதன் பெருமை. அதற்காகத் தொகுத்த பைனரிகள் எல்லாவற்றையும் எஸ்3-இல் அழிக்காமல் சேர்த்துவந்தார்கள். பல ஆண்டுகளாக ஒரு நிறுவனம் பில்லைக் கட்டியது. 2023 கோடையில் அந்த ஆதரவு நின்றபோது கிடங்கில் இருந்தது 400 டெராபைட்டுக்கு மேல். மாதச் செலவு சுமார் 9,000 யூரோ.

வேறு இடத்துக்குப் போகலாமே? வெளிப்போக்குக் கட்டணமே இல்லாத கிடங்குகள் சந்தையில் இருந்தன. கிளவுட்ஃப்ளேரின் ஆர்2 ஒன்று. ஆனால் போவதற்கே காசு வேண்டும். 400 டெராபைட்டை வெளியே எடுக்கப் பட்டியல் விலைப்படி 25,000 டாலருக்குப் பக்கத்தில் ஆகும். இருந்தால் மாதாமாதம் பில், கிளம்பினால் மொத்தமாக பில். இதைத்தான் டேட்டாவின் ஈர்ப்பு என்கிறார்கள்: ஒரு கிடங்கில் சேரச் சேர அதை விட்டு நகர்வது கடினமாகிறது, மற்ற வேலைகளும் அதன் பக்கத்திலேயே வந்து குடியேறுகின்றன.

2024-இன் முதல் மூன்று மாதத்தில் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும் முழுதாக விட்டுப் போகிறவர்களுக்கு வெளிப்போக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் டேட்டா சட்டம் பின்னால் இருந்து தள்ளியது. முன்கூட்டியே கேட்டு ஒப்புதல் வாங்க வேண்டும், குறித்த நாளுக்குள் முடிக்க வேண்டும். அன்றாடப் பதிவிறக்கத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆக, மேலே போட்ட 7,100 டாலர் கணக்கு அப்படியே நிற்கிறது.

## விண்ணப்பிக்கும் முன்

பெரும்பாலான நிறுவனங்கள் கேட்பது ஒரே மாதிரி: ஓஎஸ்ஐ (திறமூல உரிமங்களை அங்கீகரிக்கும் அமைப்பு) ஏற்ற உரிமம், பொதுவில் உள்ள களஞ்சியம், எதற்குச் செலவழிப்பீர்கள் என்ற விளக்கம். விளக்கத்தில் கோட்டைவிடுபவர்கள்தான் அதிகம். "சிஐ-க்கும் ஹோஸ்டிங்குக்கும் 10,000 டாலர்" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. "மாதம் 900 சிஐ ஓட்டம், ஓட்டம் ஒன்றுக்கு 16 கோர் இயந்திரத்தில் 40 நிமிடம், ஆக 600 மணி நேரம், கிடங்கு 2 டெராபைட், வெளிப்போக்கு 5 டெராபைட்" என்று எழுதினால் அவரே விலையைப் போட்டுக்கொள்வார்.

அனுப்பும் முன் முடிக்க வேண்டியவை:

1. பதிவிறக்க முகவரி திட்டத்தின் சொந்த டொமைனில் இருக்கட்டும். கிடங்கின் நேரடி முகவரியை ஆவணத்தில் ஒருமுறை எழுதிவிட்டால் திரும்பப் பெற முடியாது; குபெர்னெட்டிஸுக்கே நாலைந்து ஆண்டு பிடித்தது.
2. கிளவுட் கணக்கின் மூல மின்னஞ்சல் (முழு அதிகாரமுள்ள நுழைவு) தனிநபருடையதாக இருக்கக் கூடாது. குழு முகவரி, இரண்டு பேர் கையில் இரண்டு வன்பொருள் சாவி.
3. சட்டப்படி வாங்குபவர் யார்? பதிவுசெய்த அமைப்பு இல்லாவிட்டால் நியூம்ஃபோகஸ், ஓப்பன் சோர்ஸ் கலெக்டிவ், சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி மாதிரி, திட்டத்தின் சார்பில் பணத்தைக் கையாளும் நிதிக் காப்பாளர் ஒருவரைப் பிடிப்பது நல்லது. கார்டும் அவர்களுடையதாக இருக்கலாம்.
4. சிஐ-க்கு ஒரு கணக்கு, வெளியீட்டுக் கிடங்குக்கு வேறு கணக்கு. முதலாவதை யார் வேண்டுமானாலும் தொட முடியும். இரண்டாவதைத் தொடுபவர் பயனர்கள் எல்லோருடைய கணினியையும் தொடுகிறார்.

## கிரெடிட் ஓடும்போது கெடுபவை

பில் பூஜ்யமாக வந்துகொண்டிருக்கும்போது யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. கோளாறுகள் அந்த இருட்டில்தான் வளர்கின்றன.

1. பட்ஜெட் எச்சரிக்கை ஊமையாக இருக்கும். அமேசானில் ஒரு பட்ஜெட் வைத்தால், இயல்பாக அது கிரெடிட்டைக் கழித்த தொகையைத்தான் பார்க்கும். மாதம் 4,000 டாலர் எரிந்தாலும் கழித்தபின் பூஜ்யம், எச்சரிக்கை வராது. கிரெடிட் தீர்ந்த பிறகுதான் முதல் அஞ்சல் வரும். பட்ஜெட் அமைப்பில் கிரெடிட்டைச் சேர்க்கும் தேர்வை நீக்க வேண்டும். செலவு அறிக்கையிலும் அப்படியே.

2. பட்ஜெட் என்பது மணி மட்டும், பூட்டு இல்லை. பில் விவரம் பல மணி நேரம் தாமதமாகத்தான் புதுப்பிக்கப்படுகிறது. இரவில் ஓடத் தொடங்கியது காலையில்தான் தெரியும்.

3. நாட் கேட்வே. சிஐ இயந்திரங்களைத் தனி வலையில் வைத்து நாட் என்ற இடைவாசல் வழியே இணையத்துக்கு விடுவது வழக்கம். அதன் வழியே போகும் ஒவ்வொரு ஜிகாபைட்டுக்கும் 0.045 டாலர். பக்கத்திலேயே இருக்கும் எஸ்3-இலிருந்து எடுக்கும் கேஷும் அந்த வழியாகவே போகும், யாரும் மாற்றி அமைக்காவிட்டால். எஸ்3-க்கான கேட்வே எண்ட்பாயிண்ட் என்ற நேர்வழியை இயக்கினால் அந்தப் பங்கு பூஜ்யமாகும். அதற்குக் கட்டணமும் இல்லை.

4. மறந்துபோன மிச்சங்கள். நிறுத்திய இயந்திரத்தின் டிஸ்க்குக்கு வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். அமேசானில் 500 ஜிகாபைட் ஜிபி3 வகை டிஸ்க் மாதம் 40 டாலர். பாதியில் அறுந்த பல்பகுதிப் பதிவேற்றங்கள் சாதாரணக் கோப்புப் பட்டியலில் தெரியாது, ஆனால் பில்லில் இருக்கும். ஏழு நாளில் அழிக்கும் விதி ஒன்று போதும். அமேசானின் கிளவுட்வாட்ச் சேவை சேர்க்கும் பதிவேடுகள், யாரும் காலம் குறிக்காவிட்டால், என்றென்றைக்கும் கிடக்கும்.

5. நாணயத் தோண்டிகள். யாரோ ஒருவர் மாற்றம் அனுப்பியதும் திட்டத்தின் இயந்திரத்தில் அவர் எழுதிய நிரல் ஓடுகிறது. சிஐ-யின் அடிப்படையே அதுதான். அதை வைத்து கிரிப்டோ தோண்டுபவர்கள் பெருகியதால் கிட்லேப் 2021 மே மாதத்திலிருந்து இலவச ரன்னருக்கே கார்டு சரிபார்ப்பு கேட்கத் தொடங்கியது. முதல்முறை பங்களிப்பவரின் ஓட்டத்துக்குப் பராமரிப்பாளர் அனுமதி, ஓட்டத்துக்கு நேர வரம்பு, கணக்கில் இயந்திர எண்ணிக்கை வரம்பு ஆகிய மூன்றும் வேண்டும்.

6. கசிந்த சாவி. கிளவுட் சாவியை சிஐ ரகசியமாக வைத்திருக்கும்போது, கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் புல் ரிக்வெஸ்ட் டார்கெட் என்ற தூண்டலைப் போட்டு, வெளியாள் அனுப்பிய நிரலையும் அதே ஓட்டத்தில் எடுத்து ஓட்டினால் சாவி அவர் கைக்குப் போகும். நிலையான சாவியையே வைக்காமல் ஓஐடிசி என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை வழியே சில நிமிடத்துக்கு மட்டும் செல்லும் அனுமதிச்சீட்டை வாங்கும்படி அமைப்பதே இன்று சரியான வழி.

## தேதி நெருங்கும்போது

அறிவிப்புக் காலம் கொடுப்பவரின் மனம்போல. ஜேஃப்ராக் நிறுவனம் மென்பொருள் பொதிகளை வினியோகித்த தன் பின்ட்ரே கிடங்கை மூடுவதாக 2021 பிப்ரவரியில் சொல்லி மே 1-இல் மூடியது. கண்டெய்னர் இமேஜ்களுக்கு இடம் தரும் டாக்கர் 2023 மார்ச்சில் இலவசக் குழுக் கணக்குகளுக்கு 30 நாள் கெடு வைத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் பத்தே நாளில் அதைத் திரும்பப் பெற்றது. ஆகவே 90 நாள் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவது நியாயமான கணக்கு.

அதில் முதல் மாதம் பில்லைக் குறைப்பதற்கே போகும், போக வேண்டும். கிரெடிட் இல்லாமல் பார்த்த மாத பில்லைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால், முதல் மூன்று வரியில் பாதிக்கு மேல் அடங்கிவிடுவதுதான் வழக்கம். தினசரி பில்டுகளை 30 நாளில் அழி. வெளியீடுகளுக்கு முன்னால் ஒரு சிடிஎன் வை. ஆவணத் திருத்தத்துக்கு முழுச் சோதனையை ஓட்டாதே. தடங்கினால் மறுபடி தொடங்கக்கூடிய ஓட்டங்களை, எந்த நேரமும் பறிபோகக்கூடிய ஆனால் 90 விழுக்காடு வரை மலிவான ஸ்பாட் இயந்திரத்துக்கு மாற்று. இவ்வளவும் செய்தபின் மிஞ்சும் தொகைதான் திட்டத்தின் உண்மையான செலவு. நன்கொடை கேட்பதென்றால் அதைச் சொல்லிக் கேட்க வேண்டும். ஃப்ரீடெஸ்க்டாப் 2025-இல் ஹெட்ஸ்னர் நிறுவனத்தில் சொந்தக் காசுக்குச் சர்வர் வாடகை எடுத்துக் குடிபெயர்ந்தது.

கிரெடிட் தீரும் நேரத்தில் எதுவும் நின்றுவிடாது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். இயந்திரம் ஓடும், இமேஜ் போகும், அடுத்த மணி நேரப் பயன்பாடு கார்டில் ஏறும். கார்டு பராமரிப்பாளர் ஒருவருடையது என்றால் பில் அவர் தலையில். கார்டு காலாவதியாகியிருந்தால் சில நினைவூட்டலுக்குப் பிறகு கணக்கு முடக்கப்படும், வெளியீட்டுக் கிடங்கும் அதோடு போகும்.

குடிபெயர்ந்து முடித்தவர்கள் பழைய எஸ்3 பக்கெட்டை (கிடங்கில் தனிப் பெயரிட்ட இடம்) உடனே அழித்துவிடுவது இன்னொரு தவறு. அழித்த பக்கெட்டின் பெயரை வேறு யார் வேண்டுமானாலும் பதிவுசெய்துகொள்ளலாம். ஜாவாஸ்கிரிப்ட் பொதிக்கிடங்கான என்பிஎம்-இல் உள்ள பிக்நம் என்ற பொதியில் அதுதான் நடந்தது: கைவிடப்பட்ட பக்கெட்டின் பெயரை ஒருவர் எடுத்துக்கொண்டு, பழைய பதிப்புகள் அங்கிருந்து இழுத்த பைனரிக்குப் பதிலாகக் கடவுச்சொல் திருடும் பைனரியை வைத்தார். 2023-இல்தான் அது வெளியே தெரிந்தது. உள்ளே இருப்பதை அழித்துவிட்டு, பொது அனுமதியை மூடிவிட்டு, பெயரை மட்டும் கையில் வைத்திருக்கலாம். காலி பக்கெட்டுக்குக் கிடங்கு வாடகை இல்லை.